காதைப் பிடித்த கை

பெர்னெத்துக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பார்த்தவர்கள் ஐம்பது என்பார்கள். அவளும் மறுத்துப் பேச மாட்டாள். மறுத்துப் பேசத் தெம்பு வேண்டாமா? பதின்மூன்று வருஷத்தில் ஏழு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள். அதில் மூன்றுதான் அவள் வயிற்றில் பிறந்தது. மற்ற நான்கும் லியோன் நகரத்துப் பட்டு வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள். பிறந்த இரண்டாம் நாளே துணியில் இறுகச் சுற்றி, கூடையில் வைத்து, கழுதைமேல் ஏற்றி, எங்கள் ப்யூஜே மலைப்பக்கம் அனுப்பிவிடுவார்கள். பட்டணத்துக் காற்று பிள்ளைக்கு ஆகாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். பட்டணத்து அம்மாக்களுக்குத்தான் பிள்ளை ஆகாது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம், அதுவும் வாய்க்குள்ளேயே.

அவள் பெற்ற மூன்றில் இரண்டு பையன்களும் ரோன் ஆற்றில் படகு வேலைக்குப் போய்விட்டார்கள். கடைக்குட்டி தெனீஸ் மண்ணுக்குள் போய்விட்டாள். அவளோடு பால் குடித்து வளர்ந்த ரிவ்வார் வீட்டுக் குழந்தை அகாத்தும் அதே வாரம் அதே அம்மையில் போனாள். வியாழக்கிழமை அகாத், ஞாயிற்றுக்கிழமை தெனீஸ். கோயில் சுவரோரம் இரண்டு மேடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. அத்தோடு பெர்னெத்துக்குப் பாலும் வற்றிவிட்டது.

புல் அறுப்பு நடந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில்தான் லியோனிலிருந்து வண்டிக்காரன் சேதி கொண்டுவந்தான். ரிவ்வார் வீட்டில் குடும்பப் படம் எழுதுகிறார்கள். இறந்த குழந்தையையும் அதில் சேர்க்க வேண்டும் என்று வீட்டு எஜமானி மதாம் ரிவ்வார் ஆசைப்படுகிறார். அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தபோது யாரும் படம் எழுதி வைக்கவில்லை. முகம் எப்படி இருந்தது என்று சொல்ல பெர்னெத் உடனே வர வேண்டும்.

"போய்ச் சொல்லிட்டு வாயேன்" என்றான் புருஷன் அந்த்தெல்ம், அரிவாளைத் தீட்டியபடி. "ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. எல்லாப் புள்ளைக்கும் இருக்கறதுதானே."

"உனக்கு எல்லாம் ஒண்ணுதான்யா. கன்னுக்குட்டிக்கும் ரெண்டு கண்ணு இருக்கு."

"அதுக்கு நம்ம கன்னுக்குட்டி அழகு" என்று சொல்லிவிட்டு அவன் வயலுக்குப் போய்விட்டான்.

வண்டியில் இரண்டு நாள். முதுகு விட்டுப்போயிற்று. ஆனால் வழியெல்லாம் பெர்னெத் அகாத்தின் முகத்தைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். வெளுத்த முகம். சாம்பல் நிறக் கண், அதன் மேல் பாதி மூடின இமை. சிரிக்காத பிள்ளை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. எல்லாவற்றையும் ஒரு கிழவர் மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தூக்கம் வந்தால் இடது கையால் இடது காதைப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் ஒரு முகம் வேண்டுமென்றால், அதைச் சொல்ல அவளைத் தவிர வேறு நாதி இல்லை. பெற்றவள் பிறந்தபோது ஒருமுறை, பிறகு ஒருமுறை பார்த்ததோடு சரி.

அந்தப் 'பிறகு ஒருமுறை'யை மட்டும் பெர்னெத் ஒத்திகை பார்க்கவில்லை. மதாம் அதையெல்லாம் மறந்திருப்பார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ரிவ்வார் வீட்டுச் சமையல்காரி மர்கோ அவளுக்கு ரொட்டியும் சூப்பும் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே வீட்டு வண்டவாளத்தையும் அவிழ்த்துவிட்டாள்.

"மேல போய்ப் பாரு, கண்கொள்ளாக் காட்சி! மூத்த பொண்ணு கையில ஊசி நூல் குடுத்து உக்கார வச்சிருக்காங்க. பொறந்ததுலேர்ந்து ஒரு பொத்தான் தச்சதில்ல அது. பையன் உலக உருண்டை மேல கை வச்சுக்கிட்டு நிக்கிறான். அவனுக்கு இந்தத் தெரு முனை தாண்டினா வழி தெரியாது. மதாம் மடியில கைக்குழந்தைக்குப் பால் குடுக்கறாங்க."

"மதாமா? பால் குடுக்கறாங்களா?"

"படத்துலடி! இப்போ பாரீஸ்ல அதுதான் மோஸ்தராம். தாய்னா தன் பிள்ளைக்குத் தானே பால் குடுக்கணுமாம், பெரிய பெரிய ஆளெல்லாம் புத்தகம் எழுதறாங்களாம். நிஜப் பிள்ளை ப்ரெஸ் சீமைப் பக்கம் எவகிட்டயோ பால் குடிச்சுக்கிட்டு இருக்கு. இங்க தலையாணிக்குத் துணி சுத்திக் குடுத்திருக்காரு அந்தப் படக்காரரு. நான்தான் சுத்தினேன்."

பெர்னெத் சிரித்தாள். சிரித்து ரொம்ப நாளாயிற்று; இடுப்பு வலித்தது.

மாடிக் கூடத்தில் ஜன்னலோரமாக அந்தப் பெரிய படம் நின்றது. ஓவியர் பெலிசாருக்குப் பல்வலி. கன்னத்தைச் சேர்த்துத் தலையில் துண்டு கட்டி, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களை எழுதுகிற மனுஷன்; முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, குடும்பங்கள் மேலேயே அவருக்கு அலுப்பு என்று.

படத்தில் எல்லாரும் இருந்தார்கள். மதாமின் முழங்கால் பக்கத்தில் மட்டும், ஒரு குழந்தை நிற்கிற அளவுக்கு, வெறும் பழுப்புத் துணி தெரிந்தது.

"வாம்மா" என்றார் பெலிசார். "இந்த ஓட்டையை அடைக்கத்தான் உன்னைக் கூப்பிட்டது. நீ சொல்லு, நான் எழுதறேன். உன் பேச்சு பிடிக்கலேன்னா சுரண்டிட்டு மறுபடி எழுதறேன். எனக்கு அவசரம் இல்ல, பல்லுக்குத்தான் அவசரம்."

பெர்னெத் வாயைத் திறப்பதற்குள் உள்ளே வந்தார் மதாம் ரிவ்வார். முப்பது வயதிருக்கும். மெலிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது, அது நடிப்பு இல்லை.

"பெர்னெத், வந்துட்டியா? எனக்கு ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. அதை இவர்கிட்ட சொல்லிட்டேன், நீ மிச்சத்தைச் சொல்லு. உங்க வீட்டுக்கு வந்தேனே அன்னிக்கி, ஓடிப்போய் அவளைத் தூக்கினேனா, ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு! இடது கன்னத்துல குழி விழும். என் தொப்பி ரிப்பனை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தா. பழுப்புக் கண்ணு, அப்படியே என்னை மாதிரி. நாலு வருஷமா நான் அந்தச் சிரிப்பை வச்சுக்கிட்டுதான் இருக்கேன், பெர்னெத்."

இடது கன்னத்தில் குழி விழுகிற பிள்ளை அகாத் இல்லை. அது பெர்னெத் பெற்ற தெனீஸ்.

நடந்தது இதுதான். அன்றைக்கு தெனீஸின் பெயர்த் திருநாள், அவள் பெயர் கொண்ட புனிதரின் நாள். லியோனிலிருந்து அகாத்துக்கு அனுப்பிய லேஸ் கவுன் ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. யாராவது பார்க்க வந்தால்தான் அதை எடுத்துப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். மற்ற நாளெல்லாம் பட்டணத்துப் பிள்ளையும் எங்கள் பிள்ளையும் ஒரே முரட்டுச் சணல் அங்கிதான். தெனீஸ் அந்தக் கவுனைக் கண்டால் கையை நீட்டிக் குதிக்கும். ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்கட்டுமே, இதில் என்ன குடி முழுகிவிடும் என்று பெர்னெத் அதை மகளுக்கு மாட்டிவிட்டாள். மாட்டி, தூக்கி நிறுத்தி அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. சேதி சொல்லாமல் வந்த மதாம் லேஸ் கவுனைப் பார்த்தார், பாய்ந்து வாரி எடுத்தார், முத்தமாகக் கொடுத்தார். தெனீஸ் யார் தூக்கினாலும் சிரிக்கிற பிள்ளை.

அகாத் அடுப்போரத்தில் சணல் அங்கியோடு, காதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது.

"அது உன் பொண்ணா? ஐயோ பாவம், என்ன இப்படி உம்முன்னு இருக்கு!" என்றார் மதாம்.

பெர்னெத் சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த்தெல்ம் பின்னால் நின்று அவள் பாவாடையை ஓர் இழு இழுத்தான். எஜமானி வீட்டுத் துணியைத் தன் பிள்ளைக்குப் போட்டவள் என்று பெயர் வந்தால் அகாத்தை அப்போதே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் ஊரில் எவள் வீட்டுக்கும் லியோனிலிருந்து பிள்ளை வராது. மழை வரப்போகிறது என்று வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். அரை மணிதான். மதாம் அடுப்போரத்துப் பிள்ளையின் தலையை விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அடுத்த வசந்தத்தில் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும், அப்போது எல்லாம் சரியாகிவிடும் என்று பெர்னெத் நினைத்துக்கொண்டாள். அம்மை அதற்கு முன்னால் வந்துவிட்டது.

"என்னம்மா, மதாம் சொன்னது சரிதானே?" பெலிசார் கரித்துண்டை எடுத்துக்கொண்டு கேட்டார்.

இப்போது சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? இந்தப் பெண்பிள்ளை நாலு வருஷமாக வைத்திருக்கிற ஒரே சிரிப்பும் அவர் பிள்ளையுடையது இல்லை என்று ஆகிவிடும். தலையை விரல் நுனியால் தொட்டுவிட்டுப் போனதுதான் மிஞ்சும். அதை எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் அகாத்துக்கு முகம் கிடையாது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த முகம் அவளோடேயே போய்விடும்.

"சரிதான், ஐயா" என்றாள் பெர்னெத்.

பொய் சொன்னதற்குப் பரிதாபம் மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு தெனீஸைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். ஏழைப் பிள்ளைக்கு யார் படம் எழுதப் போகிறார்கள்?

மூன்று நாள் காலையில் உட்கார்ந்தாள். பெலிசார் கேட்கக் கேட்கச் சொன்னாள். முடி சுருட்டையா? நெற்றியில் மட்டும் சுருட்டை. பல்? முன்பல் நடுவே சந்து. மூக்கு? மூக்கு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஒரு பொத்தான். கரித்துண்டு வளைந்த இடத்திலெல்லாம் அவள் "இன்னும் கொஞ்சம்... இல்லை, போதும்" என்றாள். இரண்டாம் நாள் வண்ணம் ஏறியது. கன்னத்தில் குழி விழுந்ததும் பெர்னெத் தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். என் தங்கமே, என் கண்ணே, இங்கேயா இருக்கிறாய் என்று உள்ளுக்குள் கதறினாள். வெளியில் சத்தம் வரவில்லை.

"வழக்கமா பெத்தவ ஒண்ணு சொல்லுவா, வளத்தவ ஒண்ணு சொல்லுவா, ரெண்டு பேருக்கும் நடுவுல நான் சாவேன்" என்றார் பெலிசார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க. இவ்வளவு சுலபமா எனக்கு ஒரு பிள்ளையும் அமைஞ்சதில்ல."

அன்றைக்கே வீட்டு எஜமானர் முசியே ரிவ்வார் தன் பங்குக்கு வந்து நின்றார். கையில் கடிதத்தோடு நிற்கிற மாதிரி அவரை எழுதியிருந்தார்கள். கழுத்துப் பட்டையில் ஏதோ திருத்த வேண்டியிருந்தது. பெர்னெத் அவரை அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை. நிமிர்ந்து பார்த்தாள். வெளுத்த முகம். சாம்பல் நிறக் கண், அதன் மேல் பாதி மூடின இமை.

"கொஞ்சம் சிரிங்க முசியே, குடும்பப் படம். கடன்காரன் கடுதாசி இல்ல அது" என்றார் பெலிசார்.

முசியே சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்போரத்துப் பிள்ளை அப்படியே வளர்ந்து வந்து நின்றது போலிருந்தது பெர்னெத்துக்கு. அவளால் அங்கே இருக்க முடியவில்லை. கீழே போய் மர்கோவுக்கு அவரைக்காய் உரித்துக் கொடுத்தாள். எவ்வளவு உரித்தோம் என்றே தெரியாமல் ஒரு கூடை உரித்துவிட்டாள்.

அகாத்தும் அவளிடம்தான் பால் குடித்தது. ஒரு பக்கம் அது, மறுபக்கம் தெனீஸ். சாகிற அன்று அகாத் வலது கையால் பிடித்துக்கொண்டிருந்ததும் அவளைத்தான். தன் மகளுக்குச் சுவரில் ஓர் இடம் கிடைத்ததென்று, அந்தப் பிள்ளை இருந்த தடமே இல்லாமல் துடைத்துவிட்டோமே என்று அவள் மனம் அறுத்தது. அடி பாவி, அடி பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கைகள் மிச்சமிருந்தன.

"இறந்த பிள்ளைன்னா கையில தலை சாஞ்ச ரோஜா ஒண்ணு குடுக்கறது வழக்கம்" என்றார் பெலிசார். "மதாமும் அதைத்தான் கேட்டாங்க. வலது கையில ரோஜா. இடது கையை அம்மா மடியில வச்சிடலாமா?"

"வேண்டாம் ஐயா. இடது கை காதைப் பிடிச்சிருக்கட்டும்."

"காதையா?"

"தூக்கம் வந்தா அப்படிப் பிடிச்சுக்கும்."

பெலிசார் தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். முதலில் காதை இழுக்கிற மாதிரி வந்தது. "இழுக்காது ஐயா, சும்மா மூடிக்கும், விரல் பின்னால இருக்கும்" என்று தன் காதிலேயே பிடித்துக் காட்டினாள். அவர் அழித்து மறுபடி எழுதினார். இப்போது சரியாக இருந்தது. சிரிக்கிற தெனீஸ், அகாத்தின் கையால் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மதாம் வந்தார். முகத்தைப் பார்த்ததும் மார்பில் கைவைத்து, "இவதான், இவளேதான்" என்றார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் கையைக் கவனித்தார்.

"இது என்ன? பிள்ளைக்குக் காதுவலி மாதிரி இருக்கே! வர்றவங்க சிரிப்பாங்க. இதை அழிச்சிடுங்க பெலிசார், அந்தக் கை என் மடி மேல இருக்கட்டும்."

பெலிசார் கத்தியை எடுத்தார்.

"வேண்டாம் மதாம்" என்றாள் பெர்னெத்.

அவளுக்கே அவள் குரல் அந்நியமாக இருந்தது. பால் கொடுக்க வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டாள், அனுப்பியதை வளர்த்தாள், செத்ததைப் புதைத்தாள்.

"அழிக்காதீங்க மதாம். உங்க காலைப் பிடிச்சுக்கறேன். வேற எதை வேணா மாத்துங்க, ரோஜா வைங்க, முகத்தைக்கூட..." சொல்லிவிட்டு நின்றாள். "முகத்தைக்கூட மாத்திக்குங்க. கை மட்டும் இருக்கட்டும்."

"ஏன் பெர்னெத்? நான் வந்தப்போ அவ அப்படிப் பிடிக்கலியே. ரெண்டு கையாலயும் என் ரிப்பனைத்தானே இழுத்தா."

"சாகறப்போ அப்படித்தான் பிடிச்சிருந்தா, மதாம். மூணு நாள் காய்ச்சல்ல கண்ணு தெரியல, ஆனா கை காதை விடல. முடிஞ்சப்புறம் துணி சுத்தறதுக்குக் கையை எடுத்துப் பாத்தேன், வரல. நான் பிடுங்கல. அப்படியே சுத்தி, அப்படியே வச்சுட்டேன். அது அகாத்தோட கை, மதாம். சத்தியமா அகாத்தோட கை."

மதாம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை எப்படிச் செத்தது என்று அவர் அதுவரை கேட்டதே இல்லை. அப்போது அவர் வயிற்றில் அடுத்தது இருந்தது, யாரும் சொல்லவும் இல்லை. பெலிசார் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

கதவருகே முசியே நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. படத்தின் முன்னால் வந்து, குழந்தையின் முகத்தைப் பார்த்தார். அது அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை போலிருந்தது. பிறகு கையைப் பார்த்தார். குனிந்து, கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நான் அப்படித்தான் பிடிப்பேனாம்" என்றார். "எட்டு வயசு வரைக்கும். எங்கம்மா கையில குச்சியால தட்டி அதை விட வச்சாங்க." அவர் இடது கை தன்னையறியாமல் பாதி தூரம் உயர்ந்து, நின்று, கீழே இறங்கியது. "அது இருக்கட்டும், பெலிசார். அதைத் தொடாதீங்க."

அப்புறம் திரும்பி பெர்னெத்தைப் பார்த்தார். அந்தச் சாம்பல் கண்ணை அவளால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை, போய்விட்டார்.

கிளம்பும்போது மதாம் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எப்போ வேணாலும் வந்து பாத்துட்டுப் போ பெர்னெத். நீயும் அவளுக்கு ஒரு அம்மாதானே" என்றார்.

"ஆமாம், மதாம்" என்றாள் பெர்னெத். அந்தக் கையைத் தவிர, அந்த வீட்டில் அவள் சொன்னதிலேயே முழு உண்மை அது ஒன்றுதான்.

மறுபடி இரண்டு நாள் வண்டி. வீட்டுக்கு வந்தபோது அந்த்தெல்ம் அடுப்பில் மக்காச்சோளக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தான். பாதி அடிப்பிடித்திருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து கால் துணியை அவிழ்த்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"என்ன, எழுதியாச்சா?"

"ஆச்சு."

"அகாத் மாதிரி வந்திருக்கா?"

அவள் வீங்கிய கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் கிண்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். பாவாடையைப் பின்னாலிருந்து இழுத்தவன் அவன்தானே. அவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"குழி விழுதா?" என்று கேட்டான்.

"விழுது."

அவன் திரும்பி அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது. பெர்னெத்துக்கு எழுந்து போய் அவனைத் தொட வேண்டும் போலத்தான் இருந்தது, எழ முடியவில்லை.

"அகாத் காதைப் பிடிச்சிருக்கு" என்றாள். "கேட்டு வாங்கிட்டேன்யா."